பந்தைத் திருப்பி அனுப்புகிறவர்

என் தங்கையின் கணவருக்கு ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓர் இடத்தில் உட்கார வராது. உட்கார்ந்தால் முட்டி ஆடும். முட்டியைப் பிடித்துக்கொண்டால் விரல் தாளம் போடும். முதன்முதலாக நான் அவரை வீட்டுக்கு அழைத்துப்போன அன்று, டீ டம்ளரைத் தட்டித் தட்டிப் பாதி டீயை மேஜைக்குக் கொடுத்துவிட்டார். என் அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, இந்தப் பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுகிறதா என்று விசாரித்தாள். இவருக்கு என் தங்கையைக் கட்டிவைக்கலாம் என்று சொன்னது நான்தான். அதனால் அவர் வீட்டில் குழாய் சொட்டினால்கூடப் பழி என் தலையில்தான் விழும்.

நான் உள்விளையாட்டு அரங்கத்தில் எலெக்ட்ரீஷியன். விளக்கும் ஏசியும் என் பொறுப்பு. டேபிள் டென்னிஸ் ஆடும் கூடத்தில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும் பந்து வேறு பக்கம் போய்விடும். ஏசியின் வாயை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏதாவது ஒரு மேஜைக்காரர் என்னைத் திட்டுவார். அந்தக் கூடத்தில்தான் மாப்பிள்ளைக்கும் வேலை. அவர் ஆட்டக்காரரும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. ஆட்டக்காரர்களுக்கு எதிரில் நின்று பழக்கிவிடுகிறவர். அதிலும் சாதாரணமாக இல்லை. அடுத்த போட்டியில் நம் ஆள் யாரோடு மோத வேண்டுமோ, அந்த ஆளாகவே மாறி எதிரில் நிற்பார். அந்த ஆளின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். சர்வீஸுக்கு முன்னால் பந்தை எத்தனை தடவை தட்டுகிறார், தோற்கும்போது எந்தப் பக்கம் பார்க்கிறார், மூச்சை எப்போது விடுகிறார் என்பது வரைக்கும் பார்த்து அப்படியே இறக்கிவிடுவார். கூடத்தில் அவருக்குப் பெயர் கார்பன்.

சின்ன வயதில் அவரும் ஆடியவர்தான். பெரிதாக ஒன்றும் ஜெயிக்கவில்லை. ஒருநாள் ஓய்வு நேரத்தில் யாரோ ஒரு பிரபல ஆட்டக்காரர் மாதிரி ஆடிக் காட்டிச் சிநேகிதர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். கோச் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். மற்றவர்கள் சிரித்தார்கள், கோச் சிரிக்கவில்லை. மறுநாளே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அன்றைக்குப் பிறகு மாப்பிள்ளை மாப்பிள்ளையாக ஆடவே இல்லை. அதைப்பற்றி அவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, வேலை இருந்தது, கூடத்துக்குப் பின்னால் குடியிருக்க ஒரு சின்ன வீடும் கொடுத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தாலும் வேஷம் முழுக்கக் கலையாது என்பதுதான் தங்கையின் குறை. இடது கைக்காரியைப் பழகும் வாரத்தில் இடது கையால் பல் தேய்த்துச் சட்டையெல்லாம் நுரையாக்குவார். கோபக்காரனைப் பழகும் வாரத்தில் கதவைச் சாத்தும் சத்தமே வேறாக இருக்கும். ஒருமுறை ரொம்பப் பணிவான ஒரு ஆட்டக்காரனைப் பழகினார். அந்த வாரம் முழுக்கச் சமையலறையைச் சுத்தம் செய்துகொடுத்திருக்கிறார். அந்தப் பையனுக்கு இன்னும் இரண்டு போட்டி வரக்கூடாதா என்று தங்கை என்னிடம் ஏங்கினாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே ஒரு பெட்டி வந்து விழுந்தது. பந்து வீசும் இயந்திரம். அதற்கு பிளக் மாட்டி ஓடவிட்டுக் காட்டியவனே நான்தான், அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேகம், சுழற்சி, எந்த மூலை என்று பொத்தானை அழுத்தினால் போதும், சோர்வில்லாமல் துப்பிக்கொண்டே இருக்கும். நிர்வாகத்தில் ஒருவர் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார். பிறகுதான் விஷயம் கசிந்தது. இயந்திரம் இருக்கும்போது கார்பன் எதற்கு என்று மேலே பேச்சு. கோச்தான் முடிவு செய்ய வேண்டும். மாதக் கடைசியில் எல்லாருடைய ஆட்டத்தையும் மதிப்பிடப்போகிறார்கள், அதில் கார்பனையும் மதிப்பிட்டுச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள்.  வேலை போனால் வீடும் போகும், தங்கை பெட்டியோடு என் வாசலில் வந்து நிற்பாள், நின்று முதல் வேலையாக என்னைத்தான் ஒரு பார்வை பார்ப்பாள்.

மதிப்பீடு செய்ய வந்தவர் விளையாட்டு உளவியலாளர். நடுத்தர வயதுப் பெண்மணி, அதிர்ந்து பேசமாட்டார். எங்களுக்கெல்லாம் அவர் மேடம், பையன்கள் மட்டும் அவருக்கு மனசு டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். நான் டாக்டர் இல்லை என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியும் பயனில்லை. அவர் முதல்நாள் கூட்டம் நடத்தும்போது நான் ஏணியில் நின்று விளக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். பலகையில் ஒரு பெரிய வட்டம் போட்டார். கேக் வெட்டுகிற மாதிரி அதைத் துண்டு துண்டாகப் பிரித்தார். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர், அந்தப் பெயரை ஆட்டக்காரர்தான் சொல்ல வேண்டும். நன்றாக ஆட எனக்கு என்னென்ன வேண்டும் என்று அவரவர் வாய்மொழியில். பிறகு நடுப்புள்ளியிலிருந்து வெளியே பத்து வரைக்கும் கோடு. இன்றைக்கு நான் எதுவரை இருக்கிறேனோ அதுவரை வண்ணம் தீட்ட வேண்டும். கோச் அதைப் பார்க்காமல், அதே துண்டுகளுக்குத் தன் கணக்கில் தனியாக மார்க் போட வேண்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டும். யார் போட்ட மார்க் சரி என்பது பேச்சில்லை, ஒரே ஆட்டம் இரண்டு பேர் கண்ணுக்கு ஏன் இரண்டு விதமாகத் தெரிகிறது என்பதுதான் பேச்சு என்றார்.

கோச்சுக்கு இது பிடிக்கவில்லை என்பது ஏணியின் உச்சியிலிருந்தே தெரிந்தது. இத்தனை வருஷமாகத் தான் மார்க் போட்டுத்தானே எல்லாரும் ஆடினார்கள் என்ற கோபம் அவருக்கு. எனக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. கலர் பென்சிலைக் கொடுத்து வட்டத்துக்கு வண்ணம் தீட்டச் சொன்னால் பந்து மேஜையில் விழுமா என்று நினைத்துக்கொண்டு விளக்கை மாட்டினேன்.

ஆனால் முதல் நம்பருடைய வட்டத்தைப்பற்றிப் பேசிய அன்று என் வாயை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. முதல் நம்பர் என்பது கூடத்திலேயே சிறந்த ஆட்டக்காரி. தரவரிசையில் முதலில் இருப்பதால் அந்தப் பெயர். பத்து வயதில் இங்கே வந்தவள், இப்போது இருபது. அடுத்த மாதம் தேசிய அணிக்கான தேர்வு. அதில் ஓர் இடது கைக்காரியை ஜெயித்தால் அணிக்குள் போகலாம், தோற்றால் இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அவள் ஒரு துண்டுக்கு, 'அடி வாங்கினப்புறம் எந்திரிக்கிறது' என்று பெயர் வைத்திருந்தாள். தனக்கு நாலு போட்டுக்கொண்டாள். கோச் ஒன்பது போட்டிருந்தார். நீ அழுது நான் பார்த்ததே இல்லையே என்று கோச் கேட்டார்.

"பாத்ரூம்ல போய் அழுவேன் சார். நீங்க பாத்தா திட்டுவீங்க."

 அப்புறம் இருவரும் அதைப்பற்றி ரொம்ப நேரம் பேசினார்கள். அடுத்து 'பொறுமை' என்ற துண்டு. அவளும் ஒன்பது, கோச்சும் ஒன்பது. வித்தியாசம் இல்லாததால் மேடம் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். மூன்று பேரில் ஒருவரும் அங்கே நிற்கவில்லை.

கார்பனின் முறை வந்தபோது எனக்கு உள்ளூர நம்பிக்கைதான். அடுத்தவர் ஆட்டத்தைப் பிட்டுப் பிட்டு வைக்கிறவருக்குத் தன் ஆட்டத்தை எழுதுவது ஒரு வேலையா? நினைத்தபடியே மளமளவென்று எழுதி, வண்ணமும் தீட்டி, எல்லாருக்கும் முன்னால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, டீ குடிக்க என்னிடம் வந்தார். வட்டம் நன்றாக வந்திருக்கிறது மச்சான் என்றார். டீ முடிவதற்குள் மேடம் கையில் தாளோடு எங்களிடமே வந்துவிட்டார்.

அவர் சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. ஒரு துண்டின் மேல் விரலை வைத்து, இதைக் கொஞ்சம் படியுங்கள் என்றார். 'என் இடது கைக்கு வெளியே அகலமா வர்ற பந்து' என்று எழுதி, அதற்கு மூன்று மார்க் போட்டிருந்தது.

"நீங்க வலது கைக்காரர்தானே?"

மாப்பிள்ளை தாளை வாங்கினார். மறுபடி ஒரு தடவை தாளைப் படித்தார். முதலிலிருந்து கடைசி வரைக்கும் அது அந்த இடது கைக்காரியின் வட்டம். அவளுடைய சர்வீஸ், அவளுடைய பயம், அவளுடைய பிடிவாதம். அந்த வாரம் அவளைத்தான் பழகிக்கொண்டிருந்தார். 'நான்' என்று தொடங்கி எழுதச் சொன்னதும் கை தானாக அவளை எழுதிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

மேடம் புதுத் தாள் ஒன்றைக் கொடுத்தார். ஒரு வாரம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அப்போது கோச் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இவன் சொந்தமாக ஆடி நான் பார்த்ததே இல்லையே, எதை வைத்து மார்க் போடுவது என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். மேடம் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் யார் மாதிரியும் இல்லாமல் ஒரு ஆட்டம் ஆடட்டும், முதல் நம்பரோடு, எல்லாரும் பார்க்கலாம் என்றார். தேர்வு நெருங்குகிற நேரத்தில் இது எதற்கு என்று கோச் முனகினார். ஆனால் மார்க் போடவேண்டியவர் அவர், வேறு வழியும் இல்லை.

அந்த வாரம் அந்த வீட்டுக்குள் நான் போனபோதெல்லாம் என் காலும் சேர்ந்து ஆட ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளை சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். தாள் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. பக்கத்தில் நுனி சீவிய பென்சில். போகும்போது தாளைப் பார்ப்பார், வரும்போது பார்ப்பார், எழுதமாட்டார். பென்சிலை மறுபடி சீவுவார். சுவரில் பந்தை அடித்துப் பார்ப்பார். நாலு அடி அடித்ததும் நிறுத்திவிட்டு, இது அந்த உயரமானவனுடைய பேக்ஹேண்ட் என்பார். வேறு மாதிரி அடிப்பார். இது போன வருஷம் வந்தவளுடையது என்பார். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டுத் தட்டுவார், உடனே அந்தத் தட்டையும் அப்படியே திருப்பித் தட்டிக் காட்டுவார். தங்கைக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

எனக்குத் தெரிந்த புத்தியைச் சொன்னேன். வேகம், பலம், உழைப்பு என்று எதையாவது எழுதி ஏழு ஏழு மார்க் போட்டுக் கொடுங்கள், யார் வந்து அளந்து பார்க்கப்போகிறார்கள் என்றேன். மேடம் கேட்பாங்களே மச்சான் என்றார். கேட்டால் என்ன, பதில் சொல்லுங்கள் என்றேன். என்ன சொல்ல என்று என்னையே கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு, ஊரில் உள்ளவன் மூச்சு விடுவதெல்லாம் தெரிகிறது, உம்மைப்பற்றி நாலு வரி தெரியாதா என்று கத்திவிட்டேன்.  அவர் எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டு வந்தார். நான் கத்தியிருக்கக் கூடாது.

அன்று நான் கிளம்பும்போது தங்கை வாசல் வரை வந்தாள். வழக்கம்போல் என்னைத் திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"வேலை போனா போகட்டும் அண்ணா, வேற ஏதாவது பாத்துக்கலாம். இவர் ஒரு வெள்ளைத் தாளைப் பாத்து இப்படிப் பயப்படுறார் பாரு, அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

 கதவு கீச்சென்கிறது, நாளைக்கு எண்ணெய் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்படிப்பட்ட சமயத்தில் என் வாயில் வருவது எல்லாம் இந்த மாதிரிதான்.

ஆட்டம் நடந்த அன்று கூடத்தில் பயிற்சி எல்லாம் நின்றுவிட்டது. பையன்கள் சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். மேடம் ஒரு நாற்காலியில். கோச் நின்றுகொண்டே இருந்தார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, ஏசி பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஏதோ வேலை செய்வது போல் பாவனை பண்ணினேன்.

முதல் சர்வீஸ் அந்த உயரமானவனுடையது. முதல் நம்பர் சிரித்துக்கொண்டே அடித்து முடித்தாள். அடுத்தது போன வருஷத்துக்காரி. அதையும் முடித்தாள். பையன்கள் ஒவ்வொரு அடிக்கும் இது இன்னார் இது இன்னார் என்று பெயர் சொல்ல ஆரம்பித்தார்கள், கூடம் முழுக்கச் சிரிப்பு. அவருக்குள் இருந்த ஆட்களெல்லாம் ஒவ்வொருவராக வெளியே வந்து அடி வாங்கிக்கொண்டு போனார்கள். முதல் கேம் முடிந்தபோது அவரிடம் ஒருவரும் மிச்சமில்லை. அவர் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. பேசாமல் நிறுத்திவிட்டால் நல்லது என்று எனக்குப் பட்டது. நானே மின்சாரத்தை நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

இரண்டாவது கேமில் அவர் ஒன்றும் செய்யவில்லை. நிஜமாகவே ஒன்றும் செய்யவில்லை. பந்து வந்தது, திருப்பி அனுப்பினார். மறுபடி வந்தது, மறுபடி அனுப்பினார். அழகு கிடையாது, வேகம் கிடையாது. அவள் ஓங்கி அடித்தாள், பின்னால் நகர்ந்து எடுத்து மேஜையில் போட்டார். மூலையில் வைத்தாள், எப்படியோ போய் எடுத்து மேஜையில் போட்டார். யாரும் எந்தப் பெயரும் சொல்லவில்லை, சொல்லத் தெரியவில்லை. நடுவில் அவருக்கு எளிதான பந்துகள் கிடைத்தன. ஓங்கி ஒரு அடி அடித்தால் பாயின்ட் முடிந்துவிடும். அவர் அடிக்கவில்லை. அவள் காலைப் பார்த்தார், அவளால் எட்டக்கூடிய இடத்தில் மறுபடி போட்டார்.

முதலில் பையன்கள் மெல்லச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ஒரு பாயின்ட்டை அவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள், நான் ஏசியை விட்டு இறங்கி வந்து பார்த்தேன், அப்போதும் அதே பாயின்ட்தான் நடந்துகொண்டிருந்தது. முதல் நம்பருக்கு மூச்சு ஏறியது. முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவள் தோளிலேயே தெரிந்தது. ஓங்கினாள், பந்து நெட்டில். அடுத்ததை மேஜைக்கு வெளியே அடித்தாள். அதற்கடுத்து, வராத கோபத்தையெல்லாம் வரவழைத்துக்கொண்டு அடித்தாள், அதுவும் வெளியே. அவர் ஒரு பந்தைக்கூட அடித்து ஜெயிக்கவில்லை. கேமை ஜெயித்துவிட்டார். அவள் பேட்டைத் தூக்கித் தடுப்புப் பலகையின் மேல் வீசினாள். பேட்டின் பிடி விரிசல் விட்டுப்போயிற்று.

கோச் பாய்ந்து வந்து ஆட்டத்தை நிறுத்தினார். தேர்வுக்கு முன்னால் இவள் மனசை உடைத்துவிட்டாயே என்று மாப்பிள்ளை மேல் விழுந்தார். மாப்பிள்ளை உடைந்த பேட்டைப் பொறுக்கி எடுத்து, அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். அவர் வேலை போய்விட்டது என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் எந்த முகத்தோடு சொல்வது என்பதுதான் என் கவலை.

மறுநாள் மேடம் மூன்று பேரையும் சின்ன அறைக்குக் கூப்பிட்டார். அந்த அறையில் ஏசி பழுது. பழுதாக்கியதே நான்தான் என்று தங்கை இன்றுவரை சொல்கிறாள், நான் மறுக்கவும் இல்லை. ஸ்க்ரூ டிரைவரோடு மூலையில் நின்றேன், என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை.

முதலில் முதல் நம்பர் தன்னுடைய பழைய வட்டத்தைக் கேட்டு வாங்கினாள். 'பொறுமை' துண்டில் ஒன்பது வரை தீட்டியிருந்ததை ரப்பரால் அழித்து, மூன்றோடு நிறுத்தினாள். நான் சீக்கிரம் அடித்து முடித்துவிடுவேன், அதனால் பொறுமை இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், யாரும் இவ்வளவு நேரம் என்னை நிற்க வைத்ததில்லை என்றாள். கோச்சும் தன் தாளை இழுத்துப் பார்த்தார். அவர் போட்டதும் ஒன்பதுதானே.  இரண்டு மார்க்கும் ஒத்துப்போனதால் தானும் அதைப்பற்றிக் கேட்காமல் விட்டுவிட்டதாக மேடம் தாமாகவே ஒப்புக்கொண்டார். அந்த அம்மாவின் மேல் எனக்கு அப்போதுதான் மரியாதை வந்தது.

பிறகு மாப்பிள்ளையின் தாளை நடுவில் வைத்தார்கள். எப்போது எழுதினார் என்று எனக்குத் தெரியாது. வட்டத்தைத் துண்டு போடவே இல்லை. முழு வட்டத்துக்கும் ஒரே பெயர். 'பந்து நிக்காம பாத்துக்கிறது.' பத்து வரைக்கும் ஓரம் விடாமல் தீட்டியிருந்தார். அவர் எதையாவது இவ்வளவு திமிராகச் செய்து நான் பார்த்ததில்லை. மேடம் கோச்சிடம் இதற்கு ஒரு மார்க் போடச் சொன்னார். கோச் யோசிக்காமல் ஒன்று என்று எழுதினார்.

பத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப்பற்றிப் பேச வேண்டும், அதுதான் மேடத்தின் விதி. கோச் ஆரம்பித்தார். ஆட்டம் என்றால் முடிக்க வேண்டும், பாயின்ட் எடுக்க வேண்டும், கைக்கு வந்த பந்தை அடிக்கத் தெரியாததற்குத் திறமை என்றா பெயர் என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கே அப்படித்தான் தோன்றியது. மேஜைக்குக் கீழே மாப்பிள்ளையின் இரண்டு முட்டியும் ஆடிக்கொண்டிருந்தன. தாளைப் பார்த்தபடியே பேசினார்.

"இவ முதல்ல வந்தப்ப நெட்டுக்கு மேல தலை மட்டும்தான் தெரியும் சார். எப்படி அடிச்சாலும் பந்து எங்கேயோ போகும். ஓடிப்போய் எடுத்துத் திரும்ப இவ கைக்கு வர்ற மாதிரி போடுவேன். ரெண்டு வருஷம் போட்டேன். அப்ப நான் முடிக்கத் தொடங்கியிருந்தா, இவ மறுநாள் வந்திருக்க மாட்டா."

 முதல் நம்பர் தலை குனிந்து, தன் விரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. இந்த முறை பாத்ரூமுக்கு ஓடவில்லை, கோச்சின் முன்னாலேயே துடைத்துக்கொண்டாள். அப்புறம், அந்த இடது கைக்காரி என்னை நீள நீளமாக ஆடவைத்தால் நான் நேற்று மாதிரித்தான் உடைந்துபோவேன் என்றாள். இயந்திரம் பந்தைப் போடும், நான் அடித்ததைத் திருப்பி அனுப்பாது சார் என்றாள்.

கோச் ரொம்ப நேரம் அந்த ஒன்றையே பார்த்தார். நான் கையில் வைத்திருந்த ஆணி கீழே விழுந்து உருண்டது, அதை எடுக்கக்கூட எனக்குத் தைரியமில்லை. கடைசியில் அவர், மார்க்கை மாற்றமாட்டேன், என் கணக்கில் அது ஒன்றுதான் என்றார். இயந்திரத்தைச் சின்னப் பிள்ளைகள் பக்கம் தள்ளிவைக்கலாம் என்று மேடத்திடம் சொன்னார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, காலையில் வழக்கமான நேரத்துக்கு வந்துவிடு, தேர்வு வரைக்கும் இவளோடு ஆட வேண்டும், அதற்கப்புறமும் நீ இங்கேதான் இருக்கிறாய் என்றார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்திலும் அப்படி வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

மாப்பிள்ளை எழுந்து நின்று, பழக்கத்தில் கேட்டார்.

"யாரா வரட்டும் சார்? இடது கைக்காரியாவா?"

கோச் வாயைத் திறப்பதற்குள் முதல் நம்பர் பதில் சொன்னாள்.

"நீங்களே வாங்கண்ணா. வேற யாரையும் கூட்டிட்டு வராதீங்க."

வெளியே வந்ததும் நான் அவர் தோளில் கையைப் போட்டேன்.  வேலை நிலைத்தது, வீடு நிலைத்தது, இனி நிம்மதியாக இருங்கள் என்றேன். தங்கையிடம் நான்தான் முதலில் சொல்லுவேன் என்று வேறு சொல்லி வைத்தேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. அரங்கத்துப் படியில் இறங்கினார், இரண்டு படி ஏறினார், மறுபடி இறங்கினார்.

"இத்தனை நாள் யாராவது ஒருத்தரா நின்னேன் மச்சான். அடி வாங்கினா அவங்கதான் வாங்கினாங்க. நாளைக்கு அவ அடிச்சா எனக்குல்ல விழும்?"

எல்லாவற்றுக்கும் என் வாயில் ஒரு கிண்டல் தயாராக இருக்கும். அந்த நேரத்தில் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. இத்தனை வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்த மனுஷனை நான் சரியாகப் பார்த்ததே இல்லை என்று இருந்தது.

"விழட்டும் மாப்பிள்ளை. விழுந்தா வாங்கிட்டு வீட்டுக்கு வாங்க. நாங்க இருக்கோம்."

அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. மறுபடி இரண்டு படி ஏறிப் போய், இருட்டிக்கிடந்த கூடத்தின் கண்ணாடிக் கதவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, வாங்க போகலாம் என்றார்.